பட்டியலில் காலியாக நிற்கும் கட்டங்கள்: பரிவு, இணைப்பரிவு நரம்பு மண்டலங்களின் அமைப்பு

தாதியர் பயிற்சியின் முதலாண்டில் இருக்கும் செந்தூல் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: "பாடக்குறிப்பில் ஒவ்வோர் உறுப்புக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் போட்டு, பரிவு நரம்பு என்ன செய்யும், எதிர்ப்பரிவு நரம்பு என்ன செய்யும் என்று எழுதியிருக்கிறது. முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் வியர்வைச் சுரப்பி, தோலின் இரத்தக் குழாய், மயிரை நிமிர்த்தும் தசை, அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி ஆகிய நான்குக்கும் எதிரே இரண்டாவது கட்டம் காலியாக இருக்கிறது. ஒன்று முடுக்கும், மற்றது அடக்கும் என்றால் இவற்றை அடக்குவது யார்? இந்த இரண்டு மண்டலங்களும் உடலுக்குள் எப்படித்தான் அமைந்திருக்கின்றன?"

கோலாலம்பூரில் தாதியர் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் இந்தப் பாடத்தை எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிரம்பிய கட்டங்களைப் பற்றிக் கேட்பவர்களே அதிகம், காலியாக இருக்கும் கட்டத்தைப் பார்த்து ஏன் என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த நான்கு கட்டங்களையும் அச்சிட்டவர் மறந்துவிடவில்லை. அவை காலியாக இருப்பதற்கான காரணம் நரம்புகள் புறப்படும் இடத்திலும் அவை போகும் பாதையிலும் இருக்கிறது. பாதையைத் தெரிந்துகொண்டால் பட்டியலில் பாதியை மனப்பாடம் செய்யவே தேவையில்லை என்பது என் அனுபவம்.

முதலில் பெயரைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம், ஏனென்றால் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஓர் உறுப்பு நோகும்போது வேறோர் உறுப்பும் சேர்ந்து வருந்துவதற்கு நரம்புகளின் வழியாக நிகழும் ஒருவகைத் தொடர்பே காரணம் என்பது பண்டைக் கிரேக்க மருத்துவர் காலன் காலத்திலிருந்து வந்த எண்ணம். அந்த "உடன் வருந்துதல்" என்ற கருத்தை வைத்துத்தான் பாரிஸில் பணியாற்றிய உடற்கூற்றியலாளர் வின்ஸ்லோ, முதுகெலும்பின் இரு பக்கமும் ஓடும் நரம்புச் சங்கிலிக்கு 1732இல் "சிம்பதெட்டிக்" என்று பெயர் சூட்டினார். தமிழில் "பரிவு" என்று சொன்னது மிகப் பொருத்தம். இரண்டாவது பெயர் பின்னால் வந்தது. கேம்பிரிட்ஜ் உடலியங்கியலாளர் லாங்லி 1898இல் இந்த முழு அமைப்புக்கும் "தானியங்கு நரம்பு மண்டலம்" என்ற பொருளில் ஒரு பெயரைக் கொடுத்து, 1905இல் அதன் மற்றொரு பகுதியைப் "பாராசிம்பதெட்டிக்" என்று அழைத்தார். "பாரா" என்ற கிரேக்க முன்னொட்டுக்குப் பக்கத்தில், அருகில் என்று பொருள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை "எதிர்ப்பரிவு" என்று ஆக்கிவிட்டன. இலங்கை நூல்களில் "பரபரிவு" என்று இருக்கும். "எதிர்" என்ற சொல்தான், இந்த இரண்டும் எப்போதும் கயிறு இழுத்துக்கொண்டிருக்கின்றன என்ற எண்ணத்தை மாணவர் மனத்தில் விதைக்கிறது. நான் "இணைப்பரிவு" என்றே எழுதுகிறேன். உங்கள் விரிவுரையாளர் எதிர்ப்பரிவு என்று எழுதச் சொன்னால் தேர்வில் அப்படியே எழுதுங்கள். மனத்துக்குள் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் பொதுவான அடிப்படைத் திட்டம் ஒன்றுதான். கையைத் தூக்க வேண்டும் என்றால், தண்டுவடத்தில் இருக்கும் ஒரு நரம்பணு தன் நீண்ட இழையை இடையில் எங்கும் நிறுத்தாமல் தசை வரை அனுப்புகிறது. தானியங்கு நரம்புகளில் அப்படி நேர்வழி கிடையாது. வழியில் ஓரிடத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும். முதல் நரம்பணுவின் உடல் மூளைத்தண்டிலோ தண்டுவடத்திலோ இருக்கிறது. அதன் இழை வெளியே வந்து, நரம்பணுக்கள் கூட்டமாக இருக்கும் ஒரு முடிச்சில் முடிகிறது. அந்த முடிச்சில் இருக்கும் இரண்டாவது நரம்பணுவின் இழைதான் இதயத்துக்கோ குடலுக்கோ சுரப்பிக்கோ போய்ச் சேர்கிறது. முதல் இழையை முன்முடிச்சு இழை என்றும், இரண்டாவதைப் பின்முடிச்சு இழை என்றும் சொல்வோம். முன்முடிச்சு இழைகள் மயலின் என்ற மெல்லிய கொழுப்பு உறை போர்த்தியவை. பின்முடிச்சு இழைகளுக்குப் பெரும்பாலும் அந்த உறை கிடையாது, ஆகவே செய்தி அவற்றில் மெதுவாகத்தான் ஓடும். இந்த வண்டி மாறும் இடங்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை. நிக்கோட்டினை ஒரு முடிச்சின் மேல் தடவினால் அந்த முடிச்சில் நடக்கும் கைமாற்றம் நின்றுவிடுகிறது, ஆனால் வெறுமனே கடந்து போகும் இழைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதை லாங்லியும் டிக்கின்சனும் 1889இல் காட்டினார்கள். அதன் பிறகு ஒவ்வொரு முடிச்சாக நிக்கோட்டினைத் தடவி, எந்த இழை எங்கே இறங்குகிறது, எது இறங்காமல் போகிறது என்று முழு வரைபடத்தையும் போட்டுவிட முடிந்தது.

இனிப் பரிவு மண்டலத்துக்கு வருவோம். இதன் முதல் நரம்பணுக்கள் தண்டுவடத்தின் நடுப்பகுதியில் மட்டும், மார்பின் 1ஆம் கூறிலிருந்து இடுப்பின் 2ஆம் கூறு வரை, அதன் உள்ளே இருக்கும் சாம்பல் நிறப் பொருளின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் சிறு கொம்பில் இருக்கின்றன. கழுத்துப் பகுதியிலும் இல்லை, வால் பகுதியிலும் இல்லை. இந்த ஒரு செய்தியை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் பரிவு நரம்பு தேவைப்படும் இடமோ உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எல்லா இடமும். நடுவில் மட்டும் இருக்கும் ஊற்றிலிருந்து உடல் முழுவதற்கும் எப்படி நீர் பாய்ச்சுவது? அதற்காகத்தான் முதுகெலும்பின் இரு மருங்கிலும், மண்டையோட்டின் அடியிலிருந்து வாலெலும்பு வரை, மணி கோத்த மாலைபோல் ஒரு முடிச்சுச் சங்கிலி ஓடுகிறது.

கணக்கைப் பாருங்கள். தண்டுவடத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் 31 நரம்புகள் புறப்படுகின்றன. அவற்றுள் மார்பின் 12, இடுப்பின் 2, ஆக 14 நரம்புகளிலிருந்து மட்டும் முன்முடிச்சு இழைகள் பிரிந்து சங்கிலிக்குள் நுழைகின்றன. மயலின் உறையால் வெண்மையாகத் தெரிவதால் அந்தச் சிறு கிளைக்கு வெள்ளை இணைப்புக் கிளை என்று பெயர். ஆனால் சங்கிலியிலிருந்து வெளியே போகும் சாம்பல் நிற இணைப்புக் கிளைகள் 31 நரம்புகளுக்கும் உண்டு. நுழைவாசல் 14, வெளிவாசல் 31. உள்ளே வந்த இழை அதே மட்டத்தில் இருக்கும் முடிச்சில் இறங்கலாம்; சங்கிலியிலேயே மேலேறியோ கீழிறங்கியோ வேறு மட்டத்தில் இறங்கலாம். போகும் வழியில் கிளைவிட்டுப் பத்து, இருபது என்று பல நரம்பணுக்களைத் தொடவும் செய்யலாம். பரிவின் செயல் பரந்து விரிவதற்கு இந்தக் கிளைப்பு ஒரு காரணம்.

மேலேறும் பாதையின் அருமை, அது அறுந்தால்தான் தெரியும். கண்பாவையை விரிக்கும் செய்தி மார்பின் மேல்நுனியில் தண்டுவடத்தை விட்டு வெளியேறி, நுரையீரலின் உச்சியை உரசிக்கொண்டு கழுத்தின் வழியாக மேலேறி, தாடைக் கோணத்துக்கு அருகில் உள்ள மேல்கழுத்து முடிச்சில் இறங்கி, அங்கிருந்து கழுத்துத் தமனியான கரோட்டிடைச் சுற்றிக்கொண்டு மண்டைக்குள் திரும்பவும் போய்க் கண்ணை அடைகிறது. பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றுவது போன்ற பாதை. ஆகவே நுரையீரல் உச்சியில் வளரும் புற்றுக்கட்டி ஒருவரின் இமையைச் சற்றே தொங்கவைத்து, அந்தப் பக்கத்துப் பாவையைச் சிறுக்கவைத்து, பாதி முகத்தில் வியர்வையையும் நிறுத்திவிட முடிகிறது. சுவிட்சர்லாந்தின் கண் மருத்துவர் ஹார்னர் 1869இல் விவரித்த நோய்க்குறித் தொகுப்பு இதுதான். கண்ணைப் பார்த்து மார்பை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லும் மருத்துவரைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. அவர் பாதையைத் தெரிந்தவர்.

மூன்றாவது வழி வயிற்றுக்குரியது. சில இழைகள் சங்கிலியில் இறங்காமலேயே கடந்து, உள்ளுறுப்பு நரம்புகளாக உதரவிதானத்தைத் துளைத்துக் கீழே வந்து, பெருந்தமனியின் முன்புறம் உள்ள முடிச்சுகளில் இறங்குகின்றன. மார்பின் 5 முதல் 9ஆம் கூறு வரையிலிருந்து வருவது பெரிய உள்ளுறுப்பு நரம்பு. அது முக்கியமாகச் சேர்வது வயிற்றுத் தமனியின் அடியில் இருக்கும் முடிச்சுக்கு. குடலுக்கான தமனிகள் கிளம்பும் இடங்களில் மேலும் இரண்டு முக்கிய முடிச்சுகள் உண்டு. தமனி எங்கே போகிறதோ அங்கே நரம்பும் அதைப் பற்றிக்கொண்டு போகும் என்று நினைவில் வைத்தால் போதும்.

இப்போது உங்கள் காலிக் கட்டங்கள். சங்கிலியிலிருந்து 31 நரம்புகளுக்கும் போகும் சாம்பல் கிளைகள் எதற்கு? கைகால்களுக்கும் உடல் சுவருக்கும் போகும் சாதாரண நரம்புகளோடு சேர்ந்து பயணம் செய்து, தோலில் உள்ள வியர்வைச் சுரப்பியையும் மயிர்த்தசையையும் இரத்தக் குழாய்ச் சுவரையும் அடைவதற்கு. இணைப்பரிவு மண்டலத்துக்கு இந்தச் சாலையே இல்லை. அது மூளையின் அடியிலிருந்தும் முதுகெலும்பின் கீழ்முனையிலிருந்தும் மட்டும் புறப்பட்டு, தலை, மார்பு, வயிறு, இடுப்புக் குழி ஆகியவற்றின் உறுப்புகளுக்குப் போய் நின்றுவிடுகிறது. கைக்கும் காலுக்கும் உடம்பின் மேல்தோலுக்கும் அது போவதில்லை. போகாத ஊருக்கு அதனால் என்ன செய்ய முடியும்? கட்டம் காலியாக இருப்பது இதனால்தான்.

அப்படியானால் அடக்குவது யார் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அடக்குவதற்கு வேறொருவர் தேவையில்லை. பிடித்திருக்கும் கையே பிடியைத் தளர்த்தினால் போதும். உடல் முழுவதும் உள்ள சிறு தமனிகளுக்குப் பரிவு நரம்பிலிருந்து இடைவிடாமல் ஒரு மெல்லிய செய்தி போய்க்கொண்டே இருக்கிறது. அதனால் அவை எப்போதும் ஓரளவு இறுக்கத்தில் இருக்கின்றன. செய்தி கூடினால் குழாய் சுருங்கும், குறைந்தால் விரியும். முயலின் கழுத்தில் ஒரு பக்கத்துப் பரிவு நரம்பை வெட்டியபோது அந்தப் பக்கத்துக் காது சூடாகிச் சிவந்ததைப் பிரெஞ்சு உடலியங்கியலாளர் குளோட் பெர்னார்ட் 1851இல் அறிவித்தார். பிடி விட்டதும் குழாய் விரிந்துவிட்டது என்பதே அதன் பொருள். நம் ஊரில் இதைப் பார்க்க முயல் தேவையில்லை. மஸ்ஜித் இந்தியா பக்கம் பகல் வெயிலில் நடந்து முகம் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டிய நிலையில் எல்.ஆர்.டி. ரயில் பெட்டிக்குள் ஏறுங்கள். அந்தக் குளிரூட்டியின் காற்று பட்டதும் கை மயிர் நிமிர்கிறது, விரல் நுனி குளிர்கிறது, சிறிது நேரத்தில் வியர்வையும் நிற்கிறது. வெயிலில் வியர்க்கவைத்ததும் பரிவுதான், குளிரில் மயிரை நிமிர்த்தியதும் பரிவுதான். ஒரே மண்டலத்தின் வேறுவேறு இழைகள் வேறுவேறு நேரத்தில் வேலை செய்கின்றன. தோலின் பெரும்பகுதியில் குழாயை விரிப்பதற்கென்றே தனிப் பரிவு இழைகளும் இருக்கின்றன என்பதால், "பரிவு என்றால் சுருக்கம்" என்ற சூத்திரமும் முழுதாக நிற்பதில்லை.

அட்ரினல் சுரப்பியின் உட்பகுதிக்கு வேறு விளக்கம். அங்கே முன்முடிச்சு இழை எந்த முடிச்சிலும் இறங்காமல் நேராகச் சுரப்பிக்குள்ளேயே போய்விடுகிறது. காரணம், அந்த உட்பகுதியே ஒரு முடிச்சு. கருவில் பரிவு முடிச்சுகளை உருவாக்கும் அதே அணுக்கூட்டத்திலிருந்து பிறந்த அணுக்கள்தாம் அவை. இழை வளர்க்காமல், தங்கள் வேதிப்பொருளை நேராக இரத்தத்தில் கொட்டிவிடுகின்றன. கொட்டுவதில் ஏறத்தாழ 80 விழுக்காடு அட்ரினலின், மீதி பெரும்பாலும் நாரட்ரினலின். நரம்பு எட்டாத மூலைக்கும் பரிவின் செய்தி போவது இப்படித்தான்.

இணைப்பரிவின் வரைபடம் இதைவிட எளிது. மூளைத்தண்டிலிருந்து 3, 7, 9, 10ஆம் மண்டை நரம்புகள். கீழே, இடுப்புக்குப் பின்னால் முதுகெலும்பின் கீழ்முனையில் உள்ள திருவெலும்புப் பகுதியின் 2, 3, 4ஆம் கூறுகள். அவ்வளவுதான். முடிச்சுகள் தண்டுவடத்தின் அருகில் இருக்காமல், உறுப்புக்கு மிக அருகிலோ அதன் சுவருக்குள்ளேயோ இருக்கும். அதனால் முன்முடிச்சு இழை நீளமாகவும் பின்முடிச்சு இழை குட்டையாகவும் அமைகின்றன. பரிவில் இது பெரும்பாலும் தலைகீழ். கிளைப்பும் குறைவு என்பதால் இணைப்பரிவு ஓர் உறுப்பை மட்டும் தனியாகத் தொட வல்லது. உடல் முழுவதும் பதறாமல் பாவை மட்டும் சுருங்கலாம், உமிழ்நீர் மட்டும் ஊறலாம்.

3ஆம் நரம்போடு வரும் இழைகள் கண்ணுக்குப் பின்னால் உள்ள சிலியரி முடிச்சில் இறங்கி இரண்டு வேலைகளைப் பார்க்கின்றன: பாவையைச் சுருக்கும் வளையத் தசை ஒன்று, அருகில் இருப்பதைப் பார்க்க லென்ஸைத் தடிக்கவைக்கும் சிலியரித் தசை மற்றொன்று. இனிப்பு நீருக்கான கண் பரிசோதனைக்கு அம்மாவை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போயிருந்தபோது இதைக் கிட்டத்தில் பார்த்தேன். தாதி சொட்டு மருந்து விட்டு இருபது நிமிடம் உட்காரச் சொன்னார். அம்மா கைப்பேசியில் தங்கை அனுப்பிய செய்தியைப் படித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கையை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்தெல்லாம் கலங்குதுப்பா" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். வெளியே வந்ததும் நண்பகல் வெளிச்சம் தாங்காமல் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்தபடி நடந்தார். மருந்து இணைப்பரிவின் வேதிச் செய்தியை மறித்துவிட்டது. சிலியரித் தசை செயலிழந்ததால் கிட்டப் பார்வை போயிற்று. வளையத் தசை தளர்ந்ததால், எதிரே இருக்கும் பரிவின் ஆரத் தசை தடையின்றிப் பாவையை விரித்துவிட்டது. மாலை தேநீர் நேரத்துக்கு எல்லாம் சரியாகிவிட்டது. கண் விஷயத்தில் மட்டும் "எதிர்" என்ற சொல்லை ஒத்துக்கொள்கிறேன். அங்கே உண்மையாகவே இரண்டு தசைகள் எதிரெதிரே இழுக்கின்றன.

7ஆம், 9ஆம் நரம்புகள் கண்ணீர், மூக்குநீர், உமிழ்நீர் ஆகியவற்றுக்கு. 10ஆம் நரம்புதான் பெரியது. அலைந்து திரிவது என்ற பொருளில் இதற்கு வேகஸ் என்று பெயர்; கழுத்து வழியாக இறங்கி இதயம், மூச்சுக்குழாய், இரைப்பை, கல்லீரல், கணையம், சிறுகுடல் என்று தொட்டுக்கொண்டே போய்ப் பெருங்குடலின் குறுக்குப் பகுதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வரை எட்டுகிறது. பாடக்குறிப்புகள் இதைக் கட்டளை எடுத்துப் போகும் நரம்பாக மட்டும் வரைவது எனக்குக் குறையாகவே படுகிறது. வேகஸில் ஏறத்தாழ 80 விழுக்காடு இழைகள் உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. வயிறு நிரம்பியதையும் நுரையீரல் விரிந்ததையும் மூளை தெரிந்துகொள்வது பெரும்பாலும் இதன் வழியாகத்தான்.

செய்தியைக் கைமாற்றும் வேதிப்பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிச்சுக்குள் இரண்டு மண்டலங்களிலும் ஒரே பொருள்: அசிட்டைல்கோலின். உறுப்பில் போய் முடியும் இடத்தில் இணைப்பரிவு அதே அசிட்டைல்கோலினைத் தருகிறது. பரிவு நாரட்ரினலினைத் தருகிறது. வியர்வைச் சுரப்பி முக்கியமான விதிவிலக்கு: நரம்பு பரிவுடையது, பொருள் அசிட்டைல்கோலின். தேர்வில் இதைக் கேட்காத ஆண்டை நான் பார்த்ததில்லை. நரம்பு வேதிப்பொருள் வழியாகவே பேசுகிறது என்பதை ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி 1921இல் வெளியிட்டார். ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டி மெதுவாக்கி, அதைச் சுற்றியிருந்த நீரை எடுத்து இன்னொரு தவளை இதயத்துக்கு ஊட்ட, அதுவும் மெதுவானது. இந்தச் சோதனையைக் கனவில் கண்டு எழுந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1936இல் ஹென்றி டேலுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். ஒரே நாரட்ரினலின் ஓரிடத்தில் இறுக்குவதும் இன்னோரிடத்தில் தளர்த்துவதும் அதை உறுப்பின் அணுக்களில் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகளின் வேறுபாட்டால். அவற்றை ஆல்ஃபா, பீட்டா என்று 1948இல் பிரித்தவர் அமெரிக்க மருந்தியலாளர் ஆல்குவிஸ்ட். வார்டில் நீங்கள் தினமும் கொடுக்கப்போகும் பீட்டா தடுப்பு மாத்திரைகளுக்கு வேர் அங்கேதான்.

இரண்டும் சேர்ந்து வேலை செய்வதற்குப் பாடநூல் உதாரணத்தைவிட மாமாக் கடை உதாரணமே நல்லது. காரமான சம்பலோடு நாசி லெமாக் சாப்பிடும் ஒருவரின் முகத்தைப் பாருங்கள். கண்ணில் நீர், மூக்கில் நீர், வாயில் உமிழ்நீர்: மூன்றும் இணைப்பரிவு. அதே நேரத்தில் நெற்றியிலும் மேலுதட்டிலும் துளித்துளியாக வியர்வை: அது பரிவு. ஒரு மண்டலம் விழித்தால் மற்றது உறங்கும் என்பது உண்மையாக இருந்தால் இந்த முகம் சாத்தியமே இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அப்படித்தான். இணைப்பரிவு நீர்த்த உமிழ்நீரை நிறையச் சுரக்கவைக்கிறது, பரிவு புரதம் மிகுந்த கெட்டியான உமிழ்நீரைக் கொஞ்சமாகச் சேர்க்கிறது. "சண்டையிடு அல்லது தப்பி ஓடு" என்று அமெரிக்க உடலியங்கியலாளர் வால்ட்டர் கேனன் 1915இல் வருணித்த அவசரநிலை உண்மைதான். ஆனால் அது பரிவின் திருவிழா நாள் மட்டுமே. மற்ற நாள்களில் அது ஒவ்வொரு குழாயின் இறுக்கத்தையும் நொடிக்கு நொடி திருத்திக்கொண்டிருக்கும் கணக்கப்பிள்ளை.

இதயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எந்த நரம்பும் தொடாமல் விட்டால் இதயம் தானாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் நாடி 70 என்றால், மீதி 30ஐ வேகஸ் பிடித்துவைத்திருக்கிறது. மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களின் நாடி ஓய்விலும் வேகமாக இருப்பதற்குக் காரணம், அறுவையில் வேகஸ் அறுந்துவிடுவதுதான். பத்துமலையின் 272 படிகளில் ஏறத் தொடங்கும்போது முதல் சில படிகளில் நாடி கூடுவது பெரும்பாலும் வேகஸ் தன் பிடியை விடுவதால். அடுத்த துடிப்பிலேயே அது விட்டுவிட வல்லது. பரிவு கைகொடுக்கச் சில நொடிகள் ஆகும். உச்சியை நெருங்கும்போது ஓடுவது அதன் ஆட்சி.

அம்மாவின் கதைக்கு இன்னொரு பகுதி உண்டு. அதே ஆண்டில், தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துவிட்டு எழுந்தவர் தலை கிறுகிறுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். எழுந்து நிற்கும் எவருக்கும் அரை லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் 9ஆம், 10ஆம் நரம்புகள் வழியாக மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்துக்கு அதைச் சொல்ல, வேகஸ் தளர்ந்து, பரிவு கால், குடல் ஆகியவற்றின் குழாய்களை இறுக்கி, நமக்குத் தெரியாமலேயே அழுத்தத்தை மீட்டுவிடுகிறது. அம்மாவுக்கு அந்த இறுக்கம் நேரத்துக்கு வரவில்லை. முதலில் பார்த்த கிளினிக்கில் உட்காரவைத்து ஒரே ஒரு முறை அழுத்தம் பார்த்து, வயதாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த இடத்தில் ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை, நின்ற 1ஆவது நிமிடத்தில் ஒரு முறை, 3ஆவது நிமிடத்தில் ஒரு முறை பார்த்தார்கள். மேல் அழுத்தம் 20 புள்ளிகளோ கீழ் அழுத்தம் 10 புள்ளிகளோ குறைந்தால் அது நோய்க்குறி. அம்மாவுக்கு மேல் அழுத்தம் 28 இறங்கியது, நாடியோ அசையவில்லை. அழுத்தம் இறங்கியும் நாடி ஏறாதிருந்தால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும் என்பதை அன்று எழுதிவைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு என் வகுப்பில் இந்தச் சோதனையைச் செய்துகாட்டாமல் விட்டதே இல்லை.

நீண்ட காலச் சர்க்கரை மெல்லிய நரம்பிழைகளைச் சிதைப்பதால் வரும் நிலை இது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாக இந்தியர்களிடமே மிக அதிகம். ஆகவே நம் வீடுகளில் இது அரிய கதையல்ல. பாதையைத் தெரிந்தவருக்கு நோயின் போக்கும் புரியும்: உடலில் மிக நீளமான பரிவு இழைகள் பாதத்துக்குப் போகிறவை என்பதால் அங்கே வியர்வை முதலில் குறைந்து, தோல் வறண்டு வெடிக்கிறது. மண்டை நரம்புகளில் மிக நீண்டதான வேகஸும் முன்கூட்டியே தளர்வதால் ஓய்வு நாடி கூடிவிடுகிறது. நோயாளியின் குதிகால் வெடிப்பைக் கழுவிக் கட்டும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் மேலிருந்து நடத்துவது முகுளத்தில் உள்ள மையங்களும், அவற்றுக்கும் மேலே, மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலமஸும். குடலின் சுவருக்குள் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் கொண்ட தனி வலை ஒன்றும் உண்டு. லாங்லி அதைத் தானியங்கு மண்டலத்தின் மூன்றாவது பிரிவாகவே எண்ணினார். அதற்குத் தனிப் பதில் வேண்டும்.

கீழ்முனையை விட்டுவிட்டேன். திருவெலும்புப் பகுதியிலிருந்து வரும் இழைகள் பெருங்குடலின் கடைசிப் பகுதி, சிறுநீர்ப்பை, பிறப்புறுப்புகள் ஆகியவற்றுக்குரியவை. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டு சிறுநீரை அடக்கிக்கொண்டிருப்பவரின் பை தளர்ந்து இடம் கொடுப்பதும், அதன் கழுத்து இறுகியிருப்பதும் பரிவின் உதவியால்; வீட்டுக்கு வந்ததும் பையைச் சுருக்கிக் காலியாக்குவது திருவெலும்பு இழைகள். வெளிப்புற வளையத் தசை மட்டும் நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது. இந்தத் திருவெலும்பு இழைகளை இணைப்பரிவில் சேர்த்தது சரிதானா என்று 2016இல் பாரிஸ் ஆய்வுக் குழு ஒன்று கேள்வி எழுப்பியது. எலிக்கருவில் இவற்றின் முதல் நரம்பணுக்கள் காட்டும் மரபணு அடையாளங்கள், தலைப்பகுதியின் இணைப்பரிவைவிட மார்பு, இடுப்புப் பகுதிகளின் பரிவையே ஒத்திருக்கின்றன என்பது அவர்கள் வாதம். அடையாளம் எதுவானாலும் செய்யும் வேலையும் பாதையும் இணைப்பரிவுக்கே உரியவை என்று மறுத்தவர்களும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை. உங்கள் தேர்வுத்தாளில் இணைப்பரிவின் பிறப்பிடம் எது என்று கேட்டால், மூளைத்தண்டும் திருவெலும்பும் என்றே எழுதுங்கள்.